பிக்குவும் இல்லறத்தாரும்: பௌத்தத்தின் தோற்றமும் மறுவரவும்

கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் கங்கைச் சமவெளி வேகமாக மாறிக்கொண்டிருந்தது. காடு திருத்த இரும்புக் கருவிகள் வந்தன. நாற்று நடவு பரவி நெல் விளைச்சல் பெருகியது. உண்டது போக மிஞ்சிய தானியத்தின் பலத்தில் இராசகிருகம், சிராவத்தி, வைசாலி, கௌசாம்பி ஆகிய நகரங்கள் எழுந்தன. முத்திரை குத்திய வெள்ளிக் காசு புழங்கியது. வணிகச் சாத்துகள் நெடுந்தூரம் போய்வந்தன. குலத் தலைவர்கள் கூடிப் பேசி ஆண்ட சிறு நாடுகளை மகதமும் கோசலமும் ஒவ்வொன்றாக விழுங்கின. பிறப்பு தந்த தகுதியும் உழைப்பிலும் வணிகத்திலும் சேர்ந்த செல்வமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேள்விச் சடங்கில் நிறைவு காணாத பலர் வீட்டைத் துறந்து ஊர் ஊராக அலைந்தார்கள். சிரமணர் எனப்பட்ட இவர்களிடையே மகாவீரர் இருந்தார். ஆசீவகரான மற்கலி கோசாலர் இருந்தார். சாக்கியர் குலத்துச் சித்தார்த்த கௌதமரும் இருந்தார்.

சாக்கியர் நாடு இமயமலை அடிவாரத்தில் இருந்த சிறு குடியாட்சி. தலைநகர் கபிலவத்து. சித்தார்த்தர் பிறந்தது உலும்பினியில். அசோகர் தம் 20ஆம் ஆட்சியாண்டில் அங்கே சென்று வழிபட்டுத் தூண் நட்டார்; புத்தர் பிறந்த ஊர் என்பதால் அதன் வரியையும் குறைத்தார். அந்தத் தூண் 1896இல் நேபாளத்தில் மீண்டும் அடையாளம் காணப்பட்டது. புத்தரின் காலம் பற்றி ஒருமித்த முடிவு இல்லை. இலங்கை மரபு அவர் மறைவை கி.மு. 544 என்கிறது, நெடுங்காலம் வழங்கிய கணக்கு கி.மு. 563 முதல் 483 வரை. அண்மைக்கால ஆய்வாளர் பலர் மறைவை கி.மு. 400ஐ ஒட்டி வைக்கிறார்கள்.

முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நான்கு காட்சிகளைக் கண்டு இளவரசர் நள்ளிரவில் அரண்மனையை விட்டு வெளியேறிய கதையை அறியாதவர் குறைவு. பாலி நூல்களில் பழமையானதாகக் கருதப்படும் ஒரு சூத்திரத்தில் அந்த நாடகம் இல்லை. பெற்றோர் விருப்பமின்றிக் கண்ணீர் விட, தலைமுடியை மழித்துக் காவி உடுத்தி வெளியேறியதாக மட்டுமே புத்தர் அதில் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது 29. ஆளார காலாமர், உத்தக ராமபுத்தர் ஆகிய ஆசிரியர்களிடம் தியானம் கற்றார். பிறகு உடலை வதைக்கும் கடுந்தவத்தில் இறங்கி எலும்பும் தோலுமானார். அதிலும் விடை கிடைக்காமல் உணவு கொண்டு உடல் தேறி, உருவேலாவில் அரச மரத்தடியில் அமர்ந்தபோது ஞானம் பெற்றார். அந்த இடமே இன்றைய புத்த கயா. காசிக்கு அருகே மான் பூங்காவில், முன்பு தம்மை விட்டுப் பிரிந்துபோன ஐந்து தவசிகளுக்கு முதல் உரை நிகழ்த்தினார். அதன்பின் 45 ஆண்டுகள் கால்நடையாக அலைந்து போதித்து, 80ஆம் வயதில் குசிநாராவில் மறைந்தார்.

அந்த முதல் உரையின் மையம் நான்கு உண்மைகள். வாழ்வில் துக்கம் உண்டு. அதற்குக் காரணம் உண்டு. காரணத்தை நீக்கினால் துக்கமும் நீங்கும். நீக்குவதற்கு வழி இருக்கிறது. மருத்துவர் நோயையும் நோய்முதலையும் அறிந்து, தணியும் என்று தேர்ந்து, மருந்து சொல்லும் முறைக்கு இதை ஒப்பிடுவது பழைய வழக்கம். மூப்பும் சாவும் மட்டும் இங்கே துக்கம் ஆகா. பிடித்ததைப் பிரிவதும் பிடிக்காததோடு சேர்ந்திருப்பதும் நினைத்தது நிறைவேறாததும் துக்கமே. இன்பம் நிலைக்காது என்பதால் இன்பத்தின் உள்ளேயே அதன் வித்து இருக்கிறது. காரணம் வேட்கை. வழி எட்டு உறுப்புகள் கொண்டது: நற்காட்சி, நல்லெண்ணம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. அறிவு, ஒழுக்கம், உளப்பயிற்சி மூன்றும் இதில் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது இந்த வழியின் இயல்புக்கே மாறானது. தியானம் மட்டும் போதும் என்று கருதுவோர் பெருகிவிட்ட இக்காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கு அடித்தளம் சார்பில் தோற்றம் என்ற கொள்கை. எந்தப் பொருளும் தானாக நிற்பதில்லை. பலவற்றைச் சார்ந்து தோன்றுகிறது, அவை நீங்கும்போது நீங்குகிறது. மனித வாழ்வுக்கு இதைப் பொருத்திக் காட்டும் பன்னிரு கண்ணிகளுக்குச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை தமிழ்ப் பெயர்களே தந்திருக்கிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். நுணுக்கமான தத்துவம் ஒன்றைக் கடன் சொற்களின் சுமை பெரிதும் இல்லாமல் தமிழ் ஏந்திக்கொண்டதற்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது.

மாறாத ஆன்மா என்று எதுவும் இல்லை என்பது இக்கொள்கையின் நேரடி விளைவு. மனிதர் என்பது உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு ஆகிய ஐந்து கந்தங்களின் ஓட்டம். ஓடுவதில் எதையும் பிடித்து ‘இது நான்’ என்று சொல்ல இயலாது. ஆன்மா இல்லையென்றால் மறுபிறப்பு எப்படி என்ற கேள்வி அன்றே எழுந்தது. கிரேக்க அரசர் மிலிந்தருக்கும் நாகசேன பிக்குவுக்கும் நடந்ததாக எழுதப்பட்டுள்ள உரையாடல் நூல் அதை விரிவாக ஆராய்கிறது: வினையின் தொடர்ச்சி உண்டு, எடுத்துச் செல்லப்படும் பொருள் எதுவும் இல்லை. உலகம் முடிவுள்ளதா முடிவற்றதா என்பன போன்ற கேள்விகளைப் புத்தர் விடையின்றியே விட்டார். துக்கம் நீங்க அவை உதவா என்பது அவர் நிலை.

இந்தப் போதனையைச் சுமந்தது சங்கம். பிக்கு நிலத்தை உழக் கூடாது, உணவைச் சேர்த்து வைக்கக் கூடாது, பொன்னையும் வெள்ளியையும் ஏற்கக் கூடாது, உச்சிப்பொழுதுக்குப் பின் உண்ணக் கூடாது. இலங்கையிலும் பர்மாவிலும் வழங்கும் தேரவாத மரபில் பிக்குவுக்கு 227 விதிகள். இவற்றால் துறவி நாள்தோறும் ஊருக்குள் வந்து வீட்டு வாசலில் நின்றாக வேண்டியிருந்தது. வீடு சோறிட்டது, துறவி அறம் சொன்னார். மழைக்கால மூன்று மாதங்களும் ஒரே இடத்தில் தங்கியதால் ஊருக்கும் சங்கத்துக்கும் உறவு இறுகியது. சிராவத்தி வணிகர் அனாதபிண்டிகர் சேதவனத்தை வாங்கிக் கொடுத்தார்; வைசாலியின் கணிகை அம்பபாலி தம் மாந்தோப்பைத் தந்தார். பெற்றோர், ஆசிரியர், மனைவி, நண்பர், வேலையாட்கள் ஆகியோரிடம் இல்லறத்தார் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன உரை பாலி நூல்களில் இருக்கிறது.

சங்கத்தில் சேரப் பிறப்பு தடையாக இல்லை. நாவிதரான உபாலி, விநயம் எனப்படும் துறவு ஒழுக்க விதிகளில் தலைசிறந்தவராக மதிக்கப்பட்டார். வாடிய பூக்களைக் கூட்டி அள்ளும் வேலை செய்த சுனீதரும் பிக்குவானார். வளர்ப்புத் தாய் மகாபிரசாபதி கௌதமியின் வேண்டுகோளால் பெண்களுக்கும் பிக்குணிச் சங்கம் ஏற்பட்டது, கூடுதல் கட்டுப்பாடுகளோடு. எல்லைகளும் இருந்தன. அடிமைகளும் கடனாளிகளும் அரசின் படைவீரரும் அந்தக் கட்டு நீங்காமல் சேர முடியாது. அரசோடும் உடைமையாளரோடும் மோதாமல் சங்கத்தைக் காக்க எழுந்த விதிகள் இவை. இன்னொரு குறையும் இருந்தது, அதன் விளைவு நெடுங்காலம் கழித்தே தெரிந்தது: பிறப்பு, திருமணம் போன்ற குடும்ப நிகழ்வுகளுக்கு இந்தியப் பௌத்தம் தனக்கென உறுதியான சடங்குகளை வகுக்கவில்லை. இல்லறத்தார் அவற்றுக்கு வேறு ஆட்களையே நாடினர்.

கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதையும் ஒன்றரை லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டதையும் அசோகர் தம் 13ஆம் பாறைக் கல்வெட்டில் வருந்திப் பதிந்தார். அவர் காலத்தில் பௌத்தம் கங்கை வெளியைத் தாண்டியது. மகிந்தர் வழியாக இலங்கையை அடைந்தது என்பது மரபு. அங்கே கி.மு. முதல் நூற்றாண்டில், மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில், அதுவரை வாய்மொழியாகக் காக்கப்பட்ட பௌத்த மறைநூலான திரிபிடகம் எழுத்தில் ஏறியது. வடக்கே மகாயானம் கிளைத்தது. பிறர் விடுதலைக்காகத் தம் விடுதலையைத் தள்ளிவைக்கும் போதிசத்துவர் அதன் இலட்சிய உருவம். நாகார்ச்சுனர் அதன் பெருந்தத்துவவாதி. வணிகப் பாதைகள் வழியே அது நடு ஆசியாவுக்கும் சீனத்துக்கும், பின்னர் கொரியா, ஜப்பான், திபெத்துக்கும் சென்றது.

தமிழகத்தில் காஞ்சி, காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் மூன்றும் பௌத்தத்தின் நிலைகள். புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து பாலியில் எழுதினார். பீகாரின் நாளந்தாப் பெருமடத்தின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியைச் சேர்ந்தவர். 7ஆம் நூற்றாண்டில் தெற்கே வந்த சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சி நாட்டில் நூறு விகாரைகளுக்குக் குறையாமல் இருந்ததாக எழுதினார். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையைப் பதிந்த செப்பேடு இன்று லெய்டன் செப்பேடு என அறியப்படுகிறது. வீரராசேந்திரன் காலத்தில் பௌத்தரான புத்தமித்திரர் வீரசோழியம் என்ற இலக்கண நூலை இயற்றினார். பௌத்தக் காப்பியமான குண்டலகேசியில் சில பாடல்களே எஞ்சின.

விகாரைக்கு ஊரையே கொடுப்பது பெருங்கொடை. அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சாஞ்சித் தூபத்துக்குக் கல் கொடுத்தவர்களாகக் கல்வெட்டுகளில் நெசவாளரும் தந்தச் சிற்பிகளும் பிக்குணிகளும் சாதாரண இல்லறத்தாரும் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து நாளந்தாவுக்கு வந்த சீனத் துறவி ஈ-சிங், அந்த மடம் 200க்கு மேற்பட்ட ஊர்களின் வருவாயில் இயங்கியதாகச் சொல்கிறார். ஊர்களின் விளைச்சல் மடத்துக்கே வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலுக்குப் போகும் தேவை குறைந்தது. சங்கம் கற்றவர்களின் உறைவிடமாக உயர்ந்தது; ஊராரின் அன்றாடத்திலிருந்து விலகியது. அதே காலத்தில் நாயன்மாரும் ஆழ்வாரும் மக்கள் மொழியில் பாடி ஊர் ஊராகக் கோயிலை வாழ்வின் நடுவே கொண்டுவந்தனர். வைணவ மரபு புத்தரையே திருமாலின் அவதாரங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அரசர் ஆதரவு சைவ, வைணவக் கோயில்களுக்குத் திரும்பியது. 1200ஐ ஒட்டிப் பக்தியார் கில்ஜியின் படைகள் பீகாரின் பெருமடங்களை அழித்தபோது, அவற்றை மீண்டும் எழுப்ப இல்லறத்தார் கூட்டம் என்று ஒன்று பின்னால் இல்லை. இலங்கையிலும் பர்மாவிலும் சங்கம் பலமுறை நலிந்தும் ஊர்களின் ஆதரவில் மீண்டது. இந்தியாவில் அது மீளாததற்குப் படையெடுப்பைவிட இந்த இடைவெளியே பெரிய காரணம்.

நாகப்பட்டினத்தில் பழைய விகாரையின் சின்னமாக எஞ்சிய கோபுரம் 1867இல் யேசு சபையாரால் அரசின் அனுமதியோடு இடிக்கப்பட்டது. அங்கே மண்ணுக்குள் புதைந்திருந்து கிடைத்த ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்களில் பல இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன.

மீட்சி ஏட்டிலும் மண்ணிலும் தொடங்கியது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்து முடித்தார். அலெக்சாண்டர் கன்னிங்காம் சீனப் பயணிகளின் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பௌத்தத் தலங்களைத் தேடினார். எட்வின் ஆர்னால்டு 1879இல் புத்தர் வரலாற்றை ஆங்கிலக் காவியமாக்கினார்; அதைத் தழுவிக் கவிமணி ‘ஆசிய ஜோதி’ பாடினார். ரைஸ் டேவிட்ஸ் 1881இல் பாலி நூல் கழகத்தை நிறுவினார். இவர்களில் யாரும் பிக்கு அல்லர்.

இலங்கையில் 1873இல் பாணந்துறையில் பிக்கு மிகெட்டுவத்தே குணானந்தர் கிறித்தவப் போதகரோடு நடத்திய வாதம் அச்சாகி அமெரிக்கா வரை சென்றது. அதைப் படித்த அமெரிக்கரான கர்னல் ஆல்காட் 1880இல் இலங்கைக்கு வந்து, பௌத்த இல்லறத்தாரின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலம் ஏற்றார்; பௌத்தப் பள்ளிகள் தொடங்க உழைத்தார். அவர் வழிவந்த அநகாரிக தர்மபாலர் 1891இல் மகாபோதி சங்கத்தை நிறுவிப் புத்த கயாவைப் பௌத்தருக்காக மீட்கப் போராடினார். இல்லறத்தாராகவும் பிக்குவாகவும் இல்லாத நடுநிலை வாழ்வை அவர் தேர்ந்தார். வாழ்வின் இறுதியில்தான் பிக்குவானார்.

தமிழகத்தில் திருப்பம் சித்த மருத்துவர் அயோத்திதாசப் பண்டிதரால் (1845–1914) வந்தது. 1898இல் ஆல்காட்டோடு கொழும்பு சென்று பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். பறையர் எனத் தாழ்த்தப்பட்டோர் முற்காலத்தில் பௌத்தர்கள், தங்கள் அறத்தை விட மறுத்ததால் ஒடுக்கப்பட்டவர்கள் என்பது அவர் வாதம். பௌத்தத்துக்குப் புதிதாக மாறுவதாக அவர் கருதவில்லை. பூர்வ அறத்துக்குத் திரும்புவதாகவே சொன்னார். அவர் காட்டிய சொல் விளக்கங்கள் பலவற்றை வரலாற்றாய்வு ஏற்கவில்லை. ஆனால், இழிவைச் சுமத்திய கதைக்கு எதிராக மாண்புள்ள ஒரு கதையை அந்த மக்கள் கையில் கொடுத்தார். அதன் ஆற்றல் சொல் விளக்கங்களின் சரிபிழையால் அளக்கத் தக்கதன்று. கோலார் தங்கவயல், திருப்பத்தூர், பெங்களூர், இரங்கூன் என்று தமிழ்த் தொழிலாளர் சென்ற இடங்களில் சங்கக் கிளைகள் தோன்றின. விகாரையும் மானியமும் இல்லாமல், தொழிலாளரின் காசிலும் அச்சுக்கூடத்திலும் ஒரு பௌத்தம் நின்றது. அவரோடு இயங்கிய பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் பௌத்த சாரத்தை ஆங்கில நூலாக எழுதினார். அதன் 1948ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர்.

இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்த அம்பேத்கர் 21 ஆண்டுகள் எண்ணிப் படித்து முடிவெடுத்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பர்மியத் துறவி சந்திரமணியிடம் புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். அடுத்து நடந்தது பௌத்த வரலாற்றில் புதியது. இல்லறத்தாரான அவரே எழுந்து நின்று, திரண்டிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குத் தீட்சை அளித்தார். தாம் வகுத்த 22 உறுதிமொழிகளையும் ஏற்கச் செய்தார். பழைய தெய்வ வழிபாட்டையும் புரோகிதச் சடங்குகளையும் விடுவது, எல்லா மனிதரையும் சமமாக எண்ணுவது ஆகியவை அவற்றில் அடங்கும். இந்தியப் பௌத்தம் முன்பு செய்யத் தவறியது இங்கே ஈடுசெய்யப்பட்டது: இல்லறத்தாருக்கும் முறையான நுழைவு கிடைத்தது, பழையதோடு எல்லையும் வரையப்பட்டது. டிசம்பர் 6இல் அவர் மறைந்தார். 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் நான்கு காட்சிகளின் கதையை அவர் ஏற்கவில்லை. உரோகிணி ஆற்று நீருக்காகக் கோலியர்மேல் போர் தொடுப்பதை எதிர்த்ததால் சித்தார்த்தர் நாடு துறந்தார் என்று எழுதினார். துக்கத்தின் பெரும்பகுதி மனிதர் மனிதருக்குச் செய்யும் அநீதியால் வருகிறது என்பது அவர் வாசிப்பு. 2011 கணக்கெடுப்பில் இந்தியப் பௌத்தர் 84 லட்சம் பேர். அவர்களில் 65 லட்சம் பேர் மகாராட்டிரத்தில். பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினருக்கு அந்தத் தகுதியின் உரிமைகள் 1990இல்தான் மீண்டும் கிடைத்தன.

பர்மாவில் இதே திசையில் வேறொரு பாதை உருவாகியது. 1885இல் ஆங்கிலேயர் மன்னராட்சியை ஒழித்ததால் சங்கத்துக்குக் காவலர் இல்லாமல் போயிற்று. புத்த சாசனத்தை இனி ஒவ்வொரு வீடும் காக்க வேண்டும் என்று கருதிய துறவி லெடி சயாடோ உழவருக்கும் வணிகருக்கும் அபிதம்மத் தத்துவமும் விபாசனைத் தியானமும் கற்பித்தார். அந்த வழியில் தியானம் சொல்லிக்கொடுத்த ஊ பா கின் சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயர். அவர் மாணவர் எஸ்.என். கோயங்கா மாண்டலேயில் பிறந்த வணிகர். 1969இல் இந்தியா வந்து பத்து நாள் பயிற்சிகளைத் தொடங்கினார். மகாராட்டிரத்து இகத்புரியில் அமைந்த மையத்திலிருந்து அது உலகெங்கும் பரவியது. 1979இல் ஜான் கபாட்-சின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நாட்பட்ட வலியால் வாடியோருக்கு தியானத்தைப் பல வாரப் பயிற்சியாக வகுத்தார். மருத்துவமனைகளும் பள்ளிகளும் நிறுவனங்களும் அதை எடுத்துக்கொண்டன. வலி தணிவது நல்லதே. ஆனால் நல்வாழ்க்கையையும் நற்செய்கையையும் கழற்றி வைத்துவிட்டு ஊழியரின் களைப்பை மட்டும் போக்கும் பயிற்சியைப் புத்தரின் வழி என்று அழைப்பது பொருந்தாது.

20ஆம் நூற்றாண்டின் அரசியலில் பௌத்தம் இரு முகம் காட்டியது. 1963இல் சைகோன் தெருவில் பிக்கு திக் குவாங் டுக் தம் உடலுக்குத் தீ மூட்டிக்கொண்டார். பௌத்தரை ஒடுக்கிய தென் வியட்நாம் அரசை அது உலகின் முன் நிறுத்தியது. 1959இல் திபெத்திலிருந்து வெளியேறிய தலாய் லாமா வன்முறையற்ற போராட்டத்துக்காக 1989இல் நோபல் பரிசு பெற்றார். இலங்கையிலோ பௌத்த மறுமலர்ச்சி சிங்களத் தேசியத்தோடு கலந்தது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. பிக்குகளின் அமைப்புகள் தமிழரோடு அதிகாரம் பகிரும் முயற்சிகளை மீண்டும் மீண்டும் எதிர்த்தன. மியன்மாரில் (முன்னைய பர்மா) துறவிகள் சிலர் முஸ்லிம்கள்மேல் வெறுப்பை வளர்த்தார்கள்; 2017இல் ரோகிங்கியா முஸ்லிம் மக்கள் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் இராணுவத்துக்கு அஞ்சி வங்கதேசத்துக்கு ஓடினர். இல்லறத்தாரோடு நெருங்கி வாழும் சங்கம் அவர்களின் இனப் பகையையும் ஏந்திக்கொள்ளக்கூடும் என்பதை இந்நாடுகள் வலியோடு காட்டின.

பெண்களின் சங்கம் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. இலங்கையில் சோழர் படையெடுப்பை ஒட்டிய 11ஆம் நூற்றாண்டில் பிக்குணி மரபு அறுந்தது. அதற்கு முன்பே, 5ஆம் நூற்றாண்டில், இலங்கைப் பிக்குணிகள் கடல் கடந்து சீனப் பெண்களுக்குத் துறவு தந்திருந்தார்கள். சீனத்தில் அந்த மரபு தொடர்ந்தது. 1996இல் சாரநாத்திலும் 1998இல் புத்த கயாவிலும் கிழக்காசியச் சங்கங்களின் துணையோடு இலங்கைப் பெண்கள் மீண்டும் முழுத் துறவு பெற்றனர். இலங்கையின் தலைமைப் பீடங்கள் அவர்களை முறையாக ஏற்கவில்லை. ஆனால் பல ஊர்களில் இல்லறத்தார் ஏற்றுக்கொண்டு தானம் அளிக்கிறார்கள். பெண்களுக்குத் துறவு தரக் கூடாதென்று தாய்லாந்துச் சங்கத் தலைமை 1928இல் பிக்குகளுக்கு இட்ட ஆணை விலக்கப்படவில்லை. அதனால் தாய்லாந்துப் பெண்கள் இலங்கைக்கு வந்து துறவு பெற்றுத் தம் நாட்டுக்குத் திரும்புகிறார்கள்.